வீட்டில் இருந்த செல்வம்

உலகத்தைச் சிரிக்க வைத்த எழுத்தாளர் மார்க் ட்வைன்.

அமெரிக்கர். டாம் சாயர் என்ற குறும்புக்காரப் பையனின் கதையை எழுதியவர். அவர் மேடை ஏறிப் பேசினால் சபை குலுங்கும். அவருடைய புத்தகங்கள் பல மொழிகளில் வந்தன. அவரைத் தெரியாத நாடு இல்லை.

அவருக்குப் புகழ் இருந்தது. பணம் இருந்தது. அழகான வீடு இருந்தது. அன்பான மனைவியும் முத்துப் போல மூன்று பெண்களும் இருந்தார்கள்.

ஒரு மனிதனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால், இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் நல்லது என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பு அவரை எங்கே கொண்டு போய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

தந்தை விட்டுச் சென்ற கனவு

மார்க் ட்வைன் என்பது புனைபெயர். பெற்றோர் வைத்த பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். 1835-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி மிசவுரி மாநிலத்தில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹானிபல் என்ற சிறிய ஊரில் வளர்ந்தார்.

தந்தை நேர்மையானவர். ஆனால் கையில் காசு தங்காது. அவர் டென்னசி மாநிலத்தில் பல்லாயிரம் ஏக்கர் காட்டு நிலத்தை மலிவாக வாங்கிப் போட்டிருந்தார். என்றாவது ஒரு நாள் அந்த நிலம் பொன்னாகும், பிள்ளைகள் எல்லாரும் பணக்காரர் ஆவார்கள் என்று நம்பினார்.

அந்த நாள் வரவே இல்லை. 1847-ல் தந்தை இறந்தார். அப்போது சாமுவேலுக்கு வயது 11.

நிலம் துண்டு துண்டாகப் போயிற்று. கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. நாளைக்குப் பெரும் பணம் வரப்போகிறது என்ற கனவு! அது தந்தையிடம் இருந்து மகனுக்கு வந்து சேர்ந்தது.

படிப்பு நின்றது. சாமுவேல் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அச்சுக் கோர்க்கும் வேலை. கண் வலிக்கும், முதுகு வலிக்கும். இந்த வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் அவரைக் கவிழ்த்தது.

பிறகு மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டக் கற்றார். 1859-ல் மாலுமிக்குரிய லைசென்சு கிடைத்தது. ஆற்றில் ஆழம் பார்க்கிறவன், 12 அடி தண்ணீர் இருக்கிறது, கப்பல் தட்டாமல் போகலாம் என்பதைச் சொல்ல மார்க் ட்வைன் என்று குரல் கொடுப்பான். அந்தக் குரலையே பிற்காலத்தில் தம் பெயராக வைத்துக்கொண்டார்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆற்றில் கப்பல் நின்றது. சாமுவேல் மேற்கே போனார். வெள்ளிச் சுரங்கத்தில் அதிர்ஷ்டம் தேடினார். வெள்ளி கிடைக்கவில்லை. பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். அங்கேதான் அதிர்ஷ்டம் இருந்தது.

படத்தில் பார்த்த பெண்

1867-ல் ஒரு பத்திரிகைக்காக ஐரோப்பாவுக்கும் புண்ணிய பூமிக்கும் கப்பலில் போனார். அதே கப்பலில் ஒரு பணக்கார வீட்டுப் பையன் வந்தான். அவன் தன் அக்காவின் சிறிய படம் ஒன்றைக் காட்டினான். அந்தப் படத்தைப் பார்த்ததுமே தம் மனம் போய்விட்டது என்று மார்க் ட்வைன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண் ஒலிவியா. எல்மைரா நகரத்து நிலக்கரி வியாபாரி ஜெர்விஸ் லாங்டனின் மகள். வீட்டில் எல்லாரும் லிவி என்று கூப்பிடுவார்கள்.

லிவி மென்மையானவள். நோயில் படுத்து எழுந்தவள். மார்க் ட்வைனோ ஊர் சுற்றி. எந்நேரமும் வாயில் சுருட்டு. முதலில் அவள் மறுத்துவிட்டாள். அவர் விடவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். கடைசியில் லிவியும் இசைந்தாள், தந்தையும் இசைந்தார். 1870 பிப்ரவரி 2-ந் தேதி திருமணம் நடந்தது.

முதல் குழந்தை ஆண். லாங்டன் என்று பெயர் வைத்தார்கள். பிறக்கும்போதே வலுவில்லாத பிள்ளை. 1872-ல், ஒன்றரை வயது கடந்த சில நாளில், தொண்டை அடைப்பான் நோயில் இறந்தது. குளிர் நாளில் குழந்தையை வண்டியில் வெளியே கூட்டிப் போனதும், போர்வை நழுவியதைக் கவனியாமல் இருந்ததும் தம் குற்றம் என்று தந்தை சாகும் வரை எண்ணி எண்ணி வருந்தினார்.

அந்த ஆண்டே மார்ச்சு மாதம் மூத்த மகள் சூசி பிறந்திருந்தாள். 1874-ல் கிளாரா. 1880-ல் ஜீன்.

பொன்னான 17 ஆண்டு

1874-ல் ஹார்ட்போர்டு நகரத்தில் புதிதாகக் கட்டிய பெரிய வீட்டில் குடியேறினார்கள். அங்கே 17 ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

வீட்டில் ஒரு புத்தக அறை. அதில் குளிருக்குத் தீ மூட்டும் அடுப்பு. அடுப்புக்கு மேலே ஒரு நீண்ட மரப்பலகை. பலகை மேலும் அதை அடுத்த சுவரிலும் பொம்மைகள், குவளைகள், படங்கள் வரிசையாக இருந்தன. ஒரு கோடியில் ஒரு பூனையின் படம். மறு கோடியில் ஓர் இளம் பெண்ணின் படம்.

சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் அப்பாவைப் பிடித்துக்கொள்வார்கள். கதை சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் வைத்த சட்டம் கடுமையானது. கதை பூனையில் தொடங்க வேண்டும். நடுவில் உள்ள ஒவ்வொரு பொருளும் வரிசைப்படி கதையில் வர வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது, முன்பின் மாற்றக்கூடாது. அந்தப் பெண்ணின் படத்தில் போய் முடிய வேண்டும். நேற்றுச் சொன்ன கதையை இன்று சொல்லக்கூடாது!

உலகம் காசு கொடுத்துக் கேட்ட வாய் அது. தம் வீட்டில் அந்த வாய் மூன்று சின்னப் பெண்களுக்குக் கைகட்டி நின்றது.

அறையை அடுத்துக் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு செடிக் கூடம். குழந்தைகளுக்கு அதுதான் காடு. அப்பா நான்கு காலில் நின்று யானை ஆவார். பிள்ளைகள் முதுகில் ஏறிக்கொண்டு சிங்கமும் புலியும் வேட்டையாடுவார்கள்.

குழந்தைகள் பேசும் மழலையையும் செய்யும் சேட்டையையும் அவர் ஒரு தனி நோட்டில் எழுதி வைத்தார். அச்சுக்குக் கொடுப்பதற்காக அல்ல. தாமும் மனைவியும் படிப்பதற்காக.

மலை மேல் ஒரு குடில்

கோடைக் காலம் வந்தால் குடும்பம் எல்மைராவுக்குப் புறப்படும். அங்கே லிவியின் அக்காவுக்கு மலை மேல் ஒரு பண்ணை வீடு. அக்கா, தங்கை கணவருக்காகத் தனியாக ஓர் எழுத்துக் குடில் கட்டிக் கொடுத்தார். எட்டு மூலை, சுற்றிலும் சன்னல். கீழே ஊரும் ஆறும் தெரியும்.

காலைச் சாப்பாடு ஆனதும் குடிலுக்குப் போவார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரமாட்டார். மாலை 5 மணி வரை எழுதுவார். அவசரம் என்றால் வீட்டில் இருந்து கொம்பு ஊதுவார்கள்.

மாலையில் எழுதியதை எடுத்து வந்து குடும்பத்துக்குப் படித்துக் காட்டுவார். லிவி பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பார். முரட்டு வார்த்தை வந்தால் அடித்துவிடுவார். அந்த இடம் வேண்டும், அடிக்காதீர்கள் என்று குழந்தைகள் கெஞ்சுவார்கள். இந்த வேடிக்கைக்காகவே சில மோசமான வரிகளை வேண்டும் என்றே எழுதிக் கொண்டு வருவதும் உண்டு!

டாம் சாயர் 1876-ல் வந்தது. இளவரசனும் ஏழையும் 1881-ல் வந்தது. அவரை அழியாப் புகழில் ஏற்றிய ஹக்கிள்பெரி பின் அமெரிக்காவில் 1885-ல் வந்தது. இவற்றின் பெரும் பகுதியை அந்த மலைக் குடிலில்தான் எழுதினார். ஆக, வீட்டோடு இருந்ததால் அவர் வேலை கெடவில்லை. வீட்டோடு இருந்த காலத்தில்தான் அவருடைய வேலை ஓங்கியது.

மகள் எழுதிய வரலாறு

1885-ல் சூசிக்கு வயது 13. யாருக்கும் சொல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினாள். என்ன எழுதினாள் தெரியுமா? அப்பாவின் வாழ்க்கை வரலாறு!

அப்பாவின் தலைமுடி எப்படி, மூக்கு எப்படி, கண் எப்படி என்று எழுதினாள். அவருக்கு வரும் கோபத்தையும் மறைக்கவில்லை. மறதியையும் விடவில்லை. நல்லவர், வேடிக்கையானவர் என்றும் எழுதினாள். எழுத்துப் பிழை ஏராளம்.

விஷயம் பெற்றோருக்குத் தெரிந்தது. அரசர்களும் அறிஞர்களும் பாராட்டிய மனிதர், அந்தப் பிழை மலிந்த நோட்டைவிட உயர்ந்த பாராட்டு தமக்குக் கிடைத்ததே இல்லை என்று கருதினார். ஒரு பிழையைக்கூடத் திருத்தவில்லை.

அடுத்த ஆண்டு சூசி எழுதுவதை நிறுத்திவிட்டாள். கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது.

18,000 உறுப்புகள்

இவ்வளவு சுகத்துக்கு நடுவில் ஒரு பேய் வீட்டுக்குள் நுழைந்தது. அது ஓர் இயந்திரம்.

ஜேம்ஸ் பேஜ் என்பவர் அச்சுக் கோர்க்கும் இயந்திரம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருந்தார். சிறு வயதில் முதுகு ஒடிய அச்சுக் கோர்த்தவர் மார்க் ட்வைன். அந்த இயந்திரம் உலகத்துக்கு எவ்வளவு தேவை என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பத்திரிகையும் வாங்கும், கோடி கோடியாகக் கொட்டும் என்று கணக்குப் போட்டார்.

1880 வாக்கில் முதலில் சில ஆயிரம் டாலர் போட்டார். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு மாதா மாதம் ஆயிரக்கணக்கில் போயிற்று. புத்தகம் தந்த பணம் போயிற்று. லிவியின் பிறந்த வீட்டுச் சொத்தும் போயிற்று. மொத்தம் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் அந்த இயந்திரம் விழுங்கியது. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

இயந்திரத்தில் 18,000 உறுப்புகள் என்பார்கள். ஓடும்போது பல ஆள் வேலையை ஒன்றே செய்யும். 1889 ஜனவரி 5-ந் தேதி அது சரியாக ஒரு வரியைக் கோர்த்துக் காட்டியபோது, மார்க் ட்வைன் மணி பார்த்து நேரத்தைக் குறித்து வைத்தார். உலகத்தில் இதற்கு இணை இல்லை என்று துள்ளிக் குதித்தார்.

ஆனால் அது தொடர்ந்து ஓடாது. ஏதாவது ஒன்று உடையும். பேஜ் மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார், இன்னும் நன்றாகச் செய்கிறேன் என்பார். இதற்குள் மெர்கன்தாலர் என்பவர் செய்த லினோடைப் என்ற எளிய இயந்திரம் 1886-லேயே நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வேலையைத் தொடங்கிவிட்டது.

தந்தைக்கு டென்னசி நிலம். மகனுக்கு இந்த இயந்திரம்!

புத்தகக் கம்பெனி

இன்னொரு பக்கம், 1884-ல் சொந்தமாகப் புத்தகக் கம்பெனி தொடங்கினார். முன்னாள் ஜனாதிபதி கிரான்ட்டின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

கிரான்ட் அப்போது தொண்டைப் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தார். இருந்த பணம் எல்லாம் ஒரு மோசடியில் போய்விட்டது. மனைவி மக்கள் தெருவில் நிற்கக்கூடாது என்று வலியைப் பொறுத்துக்கொண்டு எழுதினார். எழுதி முடித்துச் சில நாளில், 1885 ஜூலை 23-ந் தேதி இறந்தார். அந்தப் புத்தகத்தால் அவருடைய மனைவிக்கு 4 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிக் கொடுத்த கம்பெனி, தன் முதலாளியின் குடும்பத்தைக் காப்பாற்றவில்லை. அதன் பிறகு வெளியிட்ட புத்தகங்கள் பல நஷ்டம். கம்பெனியின் கடன் ஏறியது.

1891 ஜூன் மாதம் ஹார்ட்போர்டு வீட்டைப் பூட்டினார்கள். ஐரோப்பாவில் குறைந்த செலவில் வாழலாம், லிவியின் உடம்பும் தேறும் என்று கப்பல் ஏறினார்கள். கதை சொன்ன அறை இருண்டது.

குடும்பம் ஐரோப்பாவில். மார்க் ட்வைனோ இயந்திரத்துக்காகவும் கம்பெனிக்காகவும் திரும்பத் திரும்ப அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். மனைவியும் மக்களும் பாரிசில் இருக்க, மாதக் கணக்கில் நியூயார்க்கில் தனியாகக் கிடந்தார். பிள்ளைகளுக்குப் பணம் சேர்க்கப் போனவர், பிள்ளைகளையே பார்க்க முடியாமல் போனார்.

1894 ஏப்ரல் 18-ந் தேதி கம்பெனி திவால் ஆயிற்று. அந்த ஆண்டே சிகாகோவில் ஒரு பத்திரிகை ஆபீசில் இயந்திரத்தைச் சோதனைக்கு ஓட்டினார்கள். அடிக்கடி நின்றது. கதை முடிந்தது.

ஒரு காசுகூடப் பாக்கி கூடாது

கடன் சுமார் ஒரு லட்சம் டாலர். சட்டப்படி பார்த்தால், ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டுக் கை கழுவலாம். ஹென்றி ரோஜர்ஸ் என்ற எண்ணெய்க் கம்பெனிக் கோடீசுவரர் நண்பராக வந்து கணக்கு வழக்குகளைக் கவனித்தார்.

லிவி ஒரே பேச்சாக நின்றார். ஒரு காசுகூடப் பாக்கி வைக்கக்கூடாது, எல்லாருக்கும் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்றார். மார்க் ட்வைனும் அதையே ஏற்றார்.

பணத்துக்கு ஒரே வழி, உலகம் சுற்றி மேடையில் பேசுவது. அப்போது அவருக்கு 60 வயது ஆகப் போகிறது. உடம்பும் சரியில்லை.

லிவியும் நடு மகள் கிளாராவும் கூடப் போனார்கள். சூசியும் ஜீனும் எல்மைராவில் பெரியம்மா வீட்டில் தங்கினார்கள்.

1895 ஜூலை 14-ந் தேதி இரவு. எல்மைரா ரெயில் நிலையம். மின்சார விளக்கின் வெளிச்சத்தில் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு சூசி கை ஆட்டினாள். ரெயிலில் இருந்து தாயும் தந்தையும் கை ஆட்டினார்கள். வண்டி நகர்ந்தது. ஓர் ஆண்டில் திரும்பி வந்துவிடலாம். அப்புறம் கவலை இல்லை.

சென்னையில் ஒரு நாள்

அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை வழியாக 1896 ஜனவரியில் பம்பாய் வந்து சேர்ந்தார். இருமல் வந்து ஓட்டலில் படுத்தார். எழுந்ததும் மேடை ஏறினார்.

அலகாபாத், காசி, கல்கத்தா, டார்ஜிலிங், லக்னோ, ஆக்ரா, டெல்லி, லாகூர் என்று ரெயிலிலேயே சுற்றினார். டார்ஜிலிங் மலையில் இருந்து சிறு வண்டியில் தண்டவாளத்தின் மேல் வேகமாக இறங்கி வந்த நாளை, தம் வாழ்நாளில் கண்ட பெரிய இன்பமாக எழுதினார்.

மார்ச்சு மாதக் கடைசியில் கல்கத்தாவில் கப்பல் ஏறினார்கள். வழியில் நம் சென்னையில் ஒரு நாள் நின்றார்கள். பிறகு இலங்கையைத் தொட்டு, மொரீசியஸ் தீவுக்கும் அங்கே இருந்து தென் ஆப்பிரிக்காவுக்கும் போனார்கள்.

எங்கும் கூட்டம். எங்கும் சிரிப்பு. கிடைத்த பணம் ரோஜர்சுக்குப் போயிற்று. கடன் கரைந்தது.

1896 ஜூலை 31-ந் தேதி இங்கிலாந்தில் வந்து இறங்கினார்கள். சூசியும் ஜீனும் அமெரிக்காவில் இருந்து புறப்பட்டு வர ஏற்பாடு. இன்னும் சில நாளில் குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும். கில்டுபோர்டு என்ற ஊரில் வாடகைக்கு வீடு பிடித்துக் காத்திருந்தார்கள்.

வந்தது தந்தி

பெண்கள் வரவில்லை. கடிதம் வந்தது. சூசிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தது.

தந்தி அடித்துக் கேட்டார்கள். குணமாக நாள் ஆகும் என்று பதில் வந்தது. தாய் மனம் தாங்கவில்லை. ஆகஸ்டு 15-ந் தேதி லிவியும் கிளாராவும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். மார்க் ட்வைன் கில்டுபோர்டில் தனியாக இருந்தார்.

மூன்று நாள் ஆயிற்று. அவர் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தந்தியைக் கொடுத்தார்கள்.

சூசி இறந்துவிட்டாள்!

1896 ஆகஸ்டு 18. வயது 24.

லிவி அப்போது நடுக் கடலில். நியூயார்க் துறைமுகத்தில்தான் அவருக்குச் செய்தி கிடைத்தது.

சூசி அந்தச் சமயம் ஹார்ட்போர்டுக்குப் பழைய நண்பர்களைப் பார்க்க வந்திருந்தாள். காய்ச்சல் கண்டது. வளர்ந்த சொந்த வீட்டிலேயே கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். மூளைச் சவ்வுக் காய்ச்சல் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். கண் பார்வை போயிற்று. பக்கத்தில் இருந்த வேலைக்காரப் பெண்ணின் முகத்தைத் தடவிப் பார்த்து, அம்மா என்று நினைத்துக் கூப்பிட்டாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

யானையாக நடந்த தந்தை பக்கத்தில் இல்லை. எழுத்தைத் திருத்திய தாய் பக்கத்தில் இல்லை. மகளை அடக்கம் செய்யும்போதுகூடத் தந்தை கடலுக்கு அப்பால் இருந்தார்.

வென்ற பணம்

லிவியும் மற்ற இரண்டு பெண்களும் லண்டனுக்கு வந்தார்கள். யார் வீட்டுக்கும் போகவில்லை. யாரையும் அழைக்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை.

அந்த இருட்டில் உட்கார்ந்துகொண்டுதான் மார்க் ட்வைன் பயணப் புத்தகத்தை எழுதி முடித்தார். 1897-ல் வெளிவந்தது. 1898 தொடக்கத்தில் கடன் முழுவதும் தீர்ந்தது. ஒரு காசு பாக்கி இல்லை. உலகம் புகழ்ந்தது. அந்தப் புகழுக்கு அவர் தகுதியானவர்தான். கடனைத் திருப்பிக் கொடுத்தது தவறு அல்ல, தருமம். ஆனால் அந்தக் கடன் எப்படி வந்தது? பசிக்கு வாங்கிய கடன் அல்லவே! நிறைந்த வீட்டில் இருந்துகொண்டு, இன்னும் நிறையட்டும் என்று ஆசைப்பட்டதால் வந்த கடன்.

1900-ல் அமெரிக்கா திரும்பினார். மறுபடியும் நல்ல பணம் வந்தது. ஹார்ட்போர்டு வீட்டைப் போய்ப் பார்த்தார். அங்கே குடியேற மட்டும் அவராலும் முடியவில்லை, லிவியாலும் முடியவில்லை. 1903-ல் விற்றுவிட்டார்கள்.

ஐந்து நிமிஷம்

1902-ல் லிவிக்கு இருதய நோய் கண்டது. மனதைக் கலக்கும் எதுவும் கூடாது என்றார்கள் டாக்டர்கள். கணவரைக் கண்டாலே மனம் பொங்கும் என்று, அவரையும் அறைக்குள் விடவில்லை.

ஒரே வீடு. நடுவில் ஒரு கதவு. வாரக் கணக்கில் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புவார். பிறகு, நாளைக்குச் சில நிமிஷம் பார்க்கலாம் என்று உத்தரவு கிடைத்தது. கடல்களையும் கண்டங்களையும் தாண்டி நேரத்தை இறைத்தவர், அறை வாசலில் நிமிஷத்தை எண்ணிக்கொண்டு நின்றார்.

நல்ல காற்றுக்காக இத்தாலி நாட்டு பிளாரன்சு நகருக்கு அழைத்துப் போனார். 1904 ஜூன் 5-ந் தேதி மாலை, லிவிக்குக் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. மகிழ்ச்சியில் மார்க் ட்வைன் தம் அறைக்குப் போய்ப் பியானோ முன் உட்கார்ந்து பழைய பாட்டுகளைப் பாடினார். பல காலமாகப் பாடாதவர். லிவி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது.

ஜீனோடு எட்டு மாதம்

கடைசி மகள் ஜீனுக்குக் காக்காய் வலிப்பு. பல ஆண்டு வீட்டை விட்டு வைத்திய விடுதிகளில் இருந்தாள். 1909 ஏப்ரலில் தந்தையிடம் வந்து சேர்ந்தாள். அப்போது அவர் ரெட்டிங் என்ற கிராமத்தில் புது வீட்டில் இருந்தார்.

ஜீன் வீட்டைக் கவனித்தாள். தந்தைக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினாள். குதிரை ஏறினாள். நாய்களையும் கோழிகளையும் வளர்த்தாள். இழந்த வீடு சற்றே திரும்பி வந்தது போல இருந்தது.

1909 டிசம்பர் 23-ந் தேதி இரவு, சாப்பிட்டு எழுந்து தந்தையும் மகளும் கைகோர்த்துக்கொண்டு புத்தக அறைக்கு நடந்தார்கள். 9 மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள். இது அவர்களுக்கு நேரம் கடந்த நேரம்.

மறு நாள் காலை குளிக்கும் தொட்டியில் ஜீனுக்கு வலிப்பு வந்தது. இறந்து கிடந்தாள். கிறிஸ்துமசுக்காக அவள் வாங்கி வைத்த பரிசுகள் மேஜை மேல் இருந்தன.

அந்தத் துக்கத்தை அவர் அன்றே எழுதத் தொடங்கினார். அதில் பணத்தைப் பற்றிய கணக்கு இல்லை. முதல் நாள் இரவு கைகோர்த்து நடந்த அந்தச் சிறு நடை இருக்கிறது.

நாலு மாதம் கழித்து, 1910 ஏப்ரல் 21-ந் தேதி மார்க் ட்வைன் காலமானார். வயது 74. கிளாரா பக்கத்தில் இருந்தாள். எல்மைராவில் லிவி, சூசி, ஜீன், குழந்தை லாங்டன் இவர்கள் நடுவில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இரண்டு பொருள்கள்

ஹார்ட்போர்டு வீடு இப்போது நினைவு இல்லம். அங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன.

ஒன்று, பேஜ் செய்த இயந்திரம். உலகத்தில் மிஞ்சி இருப்பது இது ஒன்றே ஒன்றுதான். மற்றொன்று, குழந்தைகள் கதை கேட்ட அந்த அடுப்பு மேடை.

இயந்திரத்துக்குச் செல்வத்தையும் ஆண்டுகளையும் கொடுத்தார். அது ஒன்றும் திருப்பித் தரவில்லை. அடுப்பு மேடைக்கு அவர் கொடுத்தது, சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம். அதில் இருந்து கிடைத்தவைதாம் கடைசி வரை அவரிடம் இருந்தன. 1906-ல் தம் வாழ்க்கையைச் சொல்லி எழுத வைத்தபோது, சூசியின் பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிழைகளோடு அப்படியே அதைத் தம் வரலாற்றில் சேர்த்தார்.

உழைக்க வேண்டும். சம்பாதிக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் வேண்டும். ஆனால் போதும் என்று சொல்லத் தெரிய வேண்டும். போன பணத்தை மார்க் ட்வைன் அறுபது வயதுக்கு மேல் திரும்பச் சம்பாதித்தார். எல்மைரா ரெயில் நிலையத்தில் கை ஆட்டிய மகளோடு ஒரு மாலைப் பொழுதை அவரால் சம்பாதிக்க முடியவில்லை.

இன்று மாலை உங்கள் பிள்ளை கதை கேட்டால், சொல்லுங்கள். பூனையில் தொடங்கினாலும் சரி.